கடைசி டிரிப்பில் மட்டும் குறைந்த காசு: ஒரு டிக்கெட் செயலியின் அதிர்வுகளைச் சீர்செய்த விவரம்

நெல்லை ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டை வழியாகச் சீவலப்பேரிப் பக்கம் போகும் தனியார் பஸ் ஒன்றில் டிக்கெட் மெஷினுக்குப் பதிலாகச் செல்போன் வந்து கொஞ்ச காலம் ஆகிறது. கண்டக்டர் கையில் சாதாரண ஆண்ட்ராய்டு போன், இடுப்பில் புளூடூத் பிரிண்டர், தோளில் வழக்கமான தோல்பை. போனில் ஓடும் செயலியை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் எழுதியிருந்தார்கள். அதைப் பராமரிக்கும் வேலை எங்களிடம் வந்தபோது கூடவே ஒரு புகாரும் வந்தது. செயலி காட்டும் கலெக்‌ஷனுக்கும் இரவில் கண்டக்டர் கட்டும் பணத்துக்கும் இடையே துண்டு விழுகிறது. பெரிய தொகை இல்லை, ஒன்றிரண்டு டிக்கெட் காசுதான். ஆனால் அது விழுவது அநேகமாக மாலைக்கு மேல், கடைசி டிரிப்புகளில்.

குறைந்த காசை முதலாளி கண்டக்டரின் தினப்படியில் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சந்தேகம் ஆள் மேல். எங்களுக்கு அந்தச் சந்தேகம் முதலிலேயே இடித்தது. காசில் கைவைக்க நினைக்கும் கண்டக்டர் டிக்கெட் கொடுக்காமல் காசை வாங்கிப் பையில் போடுவார். அப்போது செயலிக் கணக்கும் பணமும் ஒத்துப்போகும், பஸ்ஸில் இருக்கும் தலைகள்தான் கூடுதலாக இருக்கும். இங்கே நடப்பது தலைகீழ். டிக்கெட் கூடுதலாக அடிக்கப்படுகிறது, அதற்கான காசைக் கண்டக்டர் தன் கையிலிருந்து கட்டுகிறார். இப்படித் திருடுபவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

செயலியின் பதிவுகளை எடுத்துப் பார்த்ததில் பாதி விடை கிடைத்தது. ஏறும் ஸ்டேஜ், இறங்கும் ஸ்டேஜ், ஆள் எண்ணிக்கை எல்லாம் ஒன்றாக உள்ள இரண்டு டிக்கெட்டுகள், ஒரு சில விநாடி இடைவெளியில். பகலில் அபூர்வம், இருட்டிய பிறகு அடிக்கடி. கூட்டம்தான் காரணம் என்றால், காலையில் கல்லூரிப் பிள்ளைகள் படியில் தொங்கிக்கொண்டு வரும் டிரிப்பில்தான் அதிகமாக நடந்திருக்க வேண்டும். அப்போது நடக்கவில்லை. இருட்டு காரணம் என்றால், தொடுதிரை இருட்டில்தான் நன்றாகத் தெரியும். இன்னொரு துப்பும் இருந்தது. லக்கேஜ் டிக்கெட்டில் மட்டும் பட்டப்பகலிலும் இரட்டை விழுந்திருந்தது.

மீதிப் பாதிக்கு பஸ்ஸில் ஏற வேண்டியிருந்தது. மாலையில் ஜங்ஷனில் ஏறினால் சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டி வண்ணார்பேட்டையில் இன்னொரு கூட்டம் ஏறும், முருகன்குறிச்சியில் இன்னும் கொஞ்சம். கண்டக்டர் ஐம்பதைத் தாண்டியவர். இடது முழங்கையை மேல்கம்பியில் மாட்டிக்கொண்டு, நீளவாக்கில் மடித்த நோட்டுகளை இடக்கை விரல்களுக்கிடையே செருகி, அதே உள்ளங்கையில் போனையும் பிடித்திருந்தார். வலது கட்டைவிரல் மட்டும் திரையில் ஓடியது. கண் திரையில் இல்லை. ஏறியவர் முகம், நீட்டிய நோட்டு, படிக்கட்டில் நிற்கும் பையன் என்று அது வேறு வேலையில் இருந்தது. செயலியை வடிவமைப்பவர்கள் எப்போதும் ஒரு கண்ணையும் இரண்டு கையையும் மனத்தில் வைத்துத் திரை வரைகிறார்கள். இங்கே கண் இல்லை, கையிலும் ஒரு கட்டைவிரல்தான் மிச்சம். அந்த விரலுக்குத் திரையிலிருந்து திரும்பக் கிடைக்கும் ஒரே சேதி அதிர்வு.

பாளை பஸ் நிலையத்தில் பஸ் நின்றதும் கேட்டேன்.

"அண்ணாச்சி, வண்ணார்பேட்டையில் ஏறிய அந்த ஆச்சிக்கு ஏன் இரண்டு தடவை அழுத்தினீர்கள்?"

"இரண்டு தடவையா? ஒரு தடவைதான் தம்பி. முதலில் அழுத்தியது விழவில்லை."

"விழவில்லை என்று எப்படித் தெரிந்தது?"

"விழுந்தால் கையில் உறுமும். உறுமவில்லையே."

போனை வாங்கிப் பார்த்தேன். மேல்மூலையில் பாட்டரிப் படம் நிறம் மாறியிருந்தது. நாள் முழுதும் வெயிலுக்கு ஈடுகொடுக்கத் திரை வெளிச்சம் உச்சத்தில் இருக்கிறது, புளூடூத்தும் ஜி.பி.எஸ்.ஸும் விடாமல் ஓடுகின்றன. சாயங்காலத்துக்குள் சார்ஜ் வற்றி, போன் தானாகவே மின்சேமிப்பு நிலைக்குப் போய்விடுகிறது. அந்த நிலை மட்டுப்படுத்துபவற்றில் பின்னணித் தரவு, இருப்பிடச் சேவை ஆகியவற்றோடு அதிர்வும் உண்டு. காலையிலிருந்து ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் உறுமிய போன், சூரியன் சாய்ந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் ஊமையாகிவிட்டது. விரல் வியர்த்திருந்தால் தொடுதிரை சில சமயம் தொடுகையை வாங்காது என்பது கண்டக்டருக்கு அனுபவப்பாடம். ஆகவே மறுபடி அழுத்துகிறார். பிரிண்டர் தூக்கத்திலிருந்து விழித்து, சற்றுத் தாமதமாக இரண்டையும் துப்புகிறது. அவர் இரண்டையும் சேர்த்துக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுகிறார். டிக்கெட்டை ரத்து செய்ய வசதி இருக்கிறது, ஆனால் அது மூன்று திரை தள்ளி இருக்கிறது. நின்றுகொண்டு வரும் கூட்டத்தில் அதைத் தேட யாருக்கு நேரம்?

லக்கேஜ் டிக்கெட்டுக்கும் விடை அங்கேயே கிடைத்தது. அந்தத் திரை பிற்பாடு சேர்க்கப்பட்டது. எழுதியவர் அதிர்வே வைக்கவில்லை. வாழைத்தாரோ பால் கேனோ ஏறும்போது, கட்டைவிரல் பழக்கத்தில் உறுமலை எதிர்பார்த்துக் காத்திருந்து, வராததால் மறுபடி அழுத்தியது.

செயலிக்குள் இருந்த குழப்பம்

அதன் பிறகு செயலியில் எங்கெங்கே அதிர்வு இருக்கிறது என்று திரை திரையாகத் தேடினோம். பஸ் கட்டணத்துக்கான எண் பொத்தான்கள் மெல்ல அதிர்ந்தன. ஸ்டேஜ் பட்டியல் அதிரவில்லை. அச்சிடும் பொத்தான் நீளமாக உறுமியது. பிரிண்டரில் தாள் தீர்ந்தால் அதே நீளத்தில் அதே உறுமல். டிரிப் ஷீட்டை முடிக்கும்போது மூன்று துடிப்பு. அடுத்த ஸ்டேஜ் வந்துவிட்டதாக ஜி.பி.எஸ். சொன்னால் அதற்கும் ஒரு நீண்ட உறுமல், அது பயணி யாருக்கும் தேவையில்லை, கண்டக்டருக்கும் தேவையில்லை. அந்த ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் அவருக்குத் தெரியும்.

இதில் மோசமானது எது என்றால், அச்சிடும் பொத்தான் உறுமிய நேரம். விரல் பட்டவுடன் உறுமியது. பிரிண்டருக்குச் சேதி போனதா, தாள் வந்ததா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பொத்தானை எழுதியவர் சொல்ல நினைத்தது "விரல் பட்டது" என்பது. கண்டக்டர் புரிந்துகொண்டது "டிக்கெட் விழுந்தது" என்பது. பகலில் இந்த இரண்டும் தற்செயலாக ஒத்துப்போனதால் யாருக்கும் தெரியவில்லை. தாள் தீர்ந்த அன்றைக்குத்தான் ஒரே உறுமல் "முடிந்தது" என்றும் "முடியவில்லை" என்றும் அடுத்தடுத்துச் சொல்லும். கண்டக்டர் ஓரளவு சமாளித்து வந்தது அவருடைய கெட்டிக்காரத்தனம், செயலியின் புண்ணியம் அல்ல.

பெரிய நிறுவனங்கள் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒழுங்குபடுத்திவிட்டன. ஆப்பிள் 2016இல் ஐ.ஓ.எஸ். 10 வெளியிட்டபோது, செயலி எழுதுபவர்கள் "வெற்றி", "எச்சரிக்கை", "பிழை" என்று பொருளைச் சொல்லி அதிர்வு கேட்கும்படி வைத்தது. எத்தனை துடிப்பு, எவ்வளவு நேரம் என்பது போனின் பொறுப்பு. ஆண்ட்ராய்டில் விசைத் தட்டலுக்கும் நீண்ட அழுத்தலுக்கும் முன்பிருந்தே பெயர்கள் உண்டு. 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11இல் "உறுதி", "மறுப்பு" என்ற பொருள் தரும் இரண்டும் சேர்ந்தன. இரு தரப்பு வழிகாட்டிகளும் சொல்வது ஒன்றுதான்: ஒரு அதிர்வுக்கு ஒரே பொருள், தேவையில்லாத இடத்தில் அதிர வைக்காதே. படித்தால் சாதாரணமாகத் தோன்றும். ஒரு செயலிக்குள் மூன்று நான்கு பேர் வெவ்வேறு வருடத்தில் எழுதிய திரைகளைத் திறந்து பார்த்தால்தான் அது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும்.

மோட்டார் சொன்ன பாடம்

பொருளைச் சொல்லிக் கேட்பதுதான் முறை என்றால் அப்படியே மாற்றிவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். முதலில் அப்படித்தான் மாற்றிப் பார்த்தோம். முதலாளி வாங்கிக் கொடுத்திருந்த போன்கள் ஒரே மாதிரி இல்லை என்பதில்தான் சிக்கல்.

விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் இருப்பது ஒருபக்கம் எடை கூடிய சின்னச் சுழல் மோட்டார். மின்சாரம் வந்ததும் அது சுழலத் தொடங்கி வேகம் பிடிக்க வேண்டும். அதற்குச் சில பத்து மில்லி விநாடிகள் ஆகும். நிற்கவும் அதே போல நேரம் எடுக்கும். விலை கூடிய போன்களில் நேர்கோட்டில் முன்னும் பின்னும் அசையும் ஓர் எடை இருக்கும். அது தனக்கென்று அமைந்த ஒரு அலைவெண்ணில், பெரும்பாலும் 150 முதல் 235 ஹெர்ட்ஸுக்குள், சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்கும். 2016இல் வந்த ஐபோன் 7இல் முகப்புப் பொத்தான் உண்மையில் அமுங்குவதே இல்லை, கீழேயுள்ள இப்படியான இயந்திரம் ஒரு தட்டுத் தட்டி அமுங்கியது போல விரலை நம்பவைத்தது.

ஆகவே நிரலில் 20 மில்லி விநாடி என்று எழுதினால், ஒரு போனில் தெளிவான தட்டு, இன்னொரு போனில் மோட்டார் விழிப்பதற்குள் கட்டளை முடிந்துவிடும். மாலை டிரிப்புக்கு வேறு போன் எடுத்துக்கொண்டு போகும் கண்டக்டருக்கு அது வேறு செயலி. இரண்டு துடிப்பு என்று எழுதினாலும் இதே கதைதான். இடைவெளி 100 மில்லி விநாடிக்குக் குறைந்தால், சுழல் மோட்டார் நிற்பதற்குள் அடுத்த துடிப்பு வந்து இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. மேசையில் வைத்துச் சோதித்தபோது தெரிந்த இரட்டை, பஸ்ஸில் ஒற்றையாக மாறியது.

பஸ்ஸே அதிரும்போது போன் அதிர்வது எப்படித் தெரியும் என்பது முதலாளியின் கேள்வி. நியாயமான கேள்வி. நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்றில் சும்மா ஓடினால், எரிதல் விநாடிக்கு 23 தடவை நடக்கிறது. அதாவது 23 ஹெர்ட்ஸ். வண்டி வேகம் பிடித்தால் அது 60, 70 என்று ஏறும். போனின் அதிர்வு அதற்கு வெகு மேலே இருக்கிறது. விரல் தோலின் ஆழத்தில் இருக்கும் பசினியன் நுண்ணுறுப்புகள் 250 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வைத்தான் மிக நன்றாக உணரும். ஆகவே எஞ்சின் நடுக்கத்தை மீறிப் போனின் அதிர்வு கைக்குத் தெரியும். ஆனால் கண்ணாடிச் சட்டமும் மேல்கம்பியும் கடகடவென்று ஆடும்போது, எல்லா அலைவெண்ணிலும் கொஞ்சம் கொஞ்சம் கலந்துவிடும். அப்போது மெலிதா பலமா என்ற வேறுபாடு முதலில் அடிபடும். மெல்ல அதிர்ந்தால் சரி, பலமாக அதிர்ந்தால் தவறு என்று வகுத்தால் பஸ்ஸில் எடுபடாது. எத்தனை துடிப்பு, அது குட்டையா நீளமா என்பது தாங்கும்.

ஒற்றை, இரட்டை

இங்கே கண்டக்டர் எங்களை மடக்கினார். நாங்கள் முதலில் வகுத்தது: ஒரு துடிப்பு என்றால் டிக்கெட் விழுந்தது, இரண்டு துடிப்பு என்றால் விழவில்லை. நல்லதுக்கு ஒன்று, கெட்டதுக்கு இரண்டு என்பது எங்களுக்கு இயல்பாகப் பட்டது. போனில் ஏற்றிக் கொடுத்தோம். அவர் கையில் வாங்கி இரண்டு மூன்று டிக்கெட் அடித்துப் பார்த்துவிட்டு, "இது தலைகீழாக இருக்கிறதே தம்பி" என்றார்.

ஏன் என்று கேட்டதற்கு விசிலை எடுத்துக் காட்டினார். ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் போ. கண்டக்டர் ஊதும் இந்தக் கணக்கு டிரைவர் காதிலும் ஊறிப்போனது, பஸ்ஸில் போகும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு ஆயுள் முழுக்க அந்தக் கணக்கில் வாழ்ந்த கைக்கு நாங்கள் "இரண்டு என்றால் நில்" என்று சொல்லிக் கொடுக்கப் பார்த்தோம்.

பழக்கத்துக்கு மரியாதை என்பதற்காக மட்டும் இதை ஏற்கவில்லை. உட்கார்ந்து யோசித்தபோது பொறியியலும் அவர் பக்கமே நின்றது. குலுங்கும் பஸ்ஸில் அதிர்வு கெட்டுப்போவது ஒரு திசையில்தான்: இரண்டு துடிப்பில் ஒன்று தவறிவிடும், அல்லது இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடும். ஒன்று இரண்டாகத் தெரிவது அபூர்வம். எங்கள் பழைய வகுப்பில், "விழவில்லை" என்ற இரட்டை கெட்டால் "விழுந்தது" என்ற ஒற்றையாகிவிடும். கண்டக்டர் டிக்கெட் இல்லாத ஆளை விட்டுவிட்டுப் போய்விடுவார், செக்கர் ஏறினால் மாட்டுவது அவர். விசில் கணக்கில், "முடிந்தது" என்ற இரட்டை கெட்டால் "நில், பார்" என்ற ஒற்றையாகிறது. அவர் ஒரு நொடி திரையைப் பார்ப்பார், டிக்கெட் விழுந்திருப்பது தெரியும், நகர்வார். சேதி கெட்டாலும் நஷ்டமில்லாத பக்கமாகக் கெடுகிறது. விசில் கணக்கை முதலில் வகுத்தவர்களும் இதைத்தான் நினைத்தார்களோ என்னவோ, காதில் அரைகுறையாக விழுந்த விசிலுக்கு வண்டி நிற்பது புறப்படுவதைவிட மேல்.

ஆகவே இறுதியாக வகுத்தது இதுதான். இரண்டு குட்டைத் துடிப்பு: முடிந்தது, போகலாம். ஒரு நீண்ட துடிப்பு: நில், திரையைப் பார். பிரிண்டர் இணைப்பு அறுந்தாலும், தாள் தீர்ந்தாலும், அதே டிக்கெட்டை உடனே மறுபடி அடிக்கப் போனாலும் அந்த ஒன்றேதான். காரணம் திரையில் இருக்கும், கை அதைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எண் பொத்தான்களுக்கு மட்டும் போனின் விசைப்பலகைக்கு வரும் அதே சின்னத் தட்டு. மற்ற எதற்கும் அதிர்வு இல்லை. ஸ்டேஜ் வந்ததற்கு வைத்திருந்த உறுமலை எடுத்துவிட்டோம். டிரிப் முடிவின் மூன்று துடிப்பையும் எடுத்துவிட்டு, முடிந்தது என்பதால் இரட்டை கொடுத்தோம்.

இந்த முடிவு எல்லாச் செயலிக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். பொதுமக்கள் தங்கள் சொந்தப் போனில் இறக்கிக்கொள்ளும் செயலியாக இருந்தால், ஆண்ட்ராய்டும் ஆப்பிளும் வைத்திருக்கும் பெயர்களைத்தான் நான் பயன்படுத்துவேன். பயனர் கை மற்ற செயலிகளில் பழகிய அதிர்வே இங்கேயும் வரும். இது ஒரே தொழிலுக்கான, ஒரே ஆள் நாள் முழுக்கப் பிடித்திருக்கும் போன். இங்கே பக்கத்துச் செயலியைவிட விசில்தான் மூத்தது. அதனால் துடிப்புகளை நாங்களே எழுதினோம், முதலாளி வைத்திருக்கும் ஒவ்வொரு வகைப் போனிலும் கையில் பிடித்துப் பார்த்து நீளத்தையும் இடைவெளியையும் தனித்தனியாகச் சரிசெய்தோம். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8இலிருந்து இப்படித் துடிப்பு வரிசை எழுதுவது எளிதாகியிருக்கிறது. பலத்தை மாற்றும் வசதி எல்லாப் போனிலும் இருக்காது, எங்களுக்கு அது தேவையும் படவில்லை.

நேரத்தையும் மாற்றினோம். அச்சிடும் பொத்தானில் விரல் பட்டால் இப்போது எண் பொத்தானைப் போல ஒரு சின்னத் தட்டு மட்டும், கூடவே பொத்தான் பூட்டிக்கொள்ளும். பிரிண்டரிலிருந்து பதில் வந்த பிறகுதான் இரட்டை வரும். முன்பைவிடச் சற்றுத் தாமதம். முதல் சில நாள் கண்டக்டர் "மெதுவாகிவிட்டது" என்று முனகினார். தாமதம் பிரிண்டருடையது, முன்பும் அதே அளவுதான். முன்பு அது உறுமலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

ஊமையான போன்

மின்சேமிப்பு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குழுவில் ஒருவர் எளிய வழி சொன்னார்: எங்கள் அதிர்வை அலாரம் என்று போனிடம் அறிவித்துவிட்டால் தடுக்காது. அப்படிச் செய்யக்கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். தொடுகை அதிர்வை அணைத்து வைப்பதும் பாட்டரியைக் காப்பதும் போன் வைத்திருப்பவர் எடுத்த முடிவு, அதைச் செயலி வேடம் போட்டு மீறுவது முறையல்ல. முறையல்லாதது நிலைப்பதும் இல்லை. பயனரின் தொடுகை அதிர்வு அமைப்பை மீறிச் செல்ல முன்பு செயலிகளுக்கு இருந்த ஒரு குறுக்குவழியை 2022இன் ஆண்ட்ராய்டு 13 அடைத்துவிட்டது.

அதற்குப் பதில் அமைதிக்கு ஒரு பொருள் கொடுத்தோம். செயலி மின்சேமிப்பு நிலையைக் கண்டுகொள்ளும். அந்த நிலை வந்தவுடன் திரையை முழுதும் மறைக்கும் ஒரு அறிவிப்பு: "இனி அதிர்வு வராது, திரையைப் பார்க்கவும்". கண்டக்டர் அதை விரலால் தள்ளிவிட்டால்தான் அடுத்த டிக்கெட் அடிக்க முடியும். பிறகு திரையின் மேல்பகுதி முழுக்க மஞ்சள் பட்டை நிற்கும், டிக்கெட் விழுந்ததும் பச்சையாகும். ஓரக்கண்ணுக்குத் தெரியும் அளவு பெரிய பட்டை. கூடவே பிரிண்டரின் சொந்த பீப் ஒலியை இயக்கினோம்.

டிரிப் தொடங்கும்போது ஒரு சோதனையும் சேர்த்தோம். போன் ஒற்றையையோ இரட்டையையோ கொடுக்கும், எது வந்தது என்று கண்டக்டர் திரையில் தொட வேண்டும். தவறினால் அமைப்புகளில் அதிர்வு அணைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும். சில நொடி வேலைதான். புது ஆள் வந்தாலும் போன் மாறினாலும் கைக்கு அன்றைய பாடம் அதிலேயே கிடைத்துவிடுகிறது. மாலையில் ஜங்ஷனில் வண்டி நிற்கும் இடைவேளையில் போனுக்குச் சார்ஜ் போட டிரைவர் இருக்கைப் பக்கம் ஒரு சார்ஜர் வைத்துக் கொடுத்தார் முதலாளி. உண்மையைச் சொன்னால், இந்தப் பிரச்சினையில் பாதியைத் தீர்த்தது அந்த சார்ஜர். பிடித்திருந்த படியையும் திருப்பிக் கொடுத்தார்.

வெளியிலிருந்து வந்த அதிர்வுகள்

எங்கள் செயலியை ஒழுங்குபடுத்திய பிறகுதான் மற்றச் செயலிகளின் சத்தம் கைக்குத் தெரிய வந்தது. அந்தப் போன்களில் ஒன்றில் அரட்டைச் செயலியின் அறிவிப்பு இரண்டு துடிப்பாக வந்தது. காலையில் குடும்பக் குழுவில் வணக்கப் படங்கள் வரிசையாக விழும்போது, அடிக்காத டிக்கெட்டெல்லாம் "முடிந்தது" என்று சொல்வது போல ஆகிவிட்டது. வேலைப் போனில் பிற அறிவிப்புகளின் அதிர்வை அணைத்து வைக்கச் சொன்னோம். அழைப்பு வந்தால் அதிரட்டும், அதன் நீளம் வேறு.

பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கான பள்ளியும் காது கேளாதோருக்கான பள்ளியும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. அதனால் இந்த ஊரில், திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பானில் போன் இயக்கும் நண்பர் ஒருவராவது பலருக்கு இருப்பார். அப்படி ஒருவரிடம் செயலியைக் கொடுத்தோம். அவர் கண்டக்டர் இல்லை, ஆனால் கண் இல்லாமல் திரையைக் கையாள்வதில் எங்களைவிடத் தேர்ந்தவர். கொஞ்ச நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அதிர்வது உங்கள் செயலியா, டாக்பேக்கா என்று எனக்கே தெரியவில்லை" என்றார். ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக் ஒவ்வொரு பொத்தானின் மேல் விரல் நகரும்போதும் தானாகவே அதிரும். அதன் மேல் எங்கள் எண் பொத்தான் தட்டும் சேர்ந்ததும் கூழாகிவிட்டது. திரைவாசிப்பான் இயங்கினால் எங்கள் சின்னத் தட்டை நிறுத்திவிட்டு, ஒற்றையையும் இரட்டையையும் மட்டும் விட்டுவைத்தோம். அவர்தான் ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலியை எடுத்துக் காட்டினார். 2020 ஜனவரியில் வந்த அது, ரூபாய் நோட்டைக் கேமராவில் காட்டினால் எத்தனை ரூபாய் என்பதைக் குரலில் சொல்லும், காதும் கேளாதவர்களுக்காக அதிர்விலும் சொல்லும். அங்கே அதிர்வு அலங்காரம் இல்லை, அதுதான் விடை. ஒரு துடிப்பு பிசகினால் நோட்டின் மதிப்பே மாறிவிடும்.

இன்னொரு பஸ்ஸின் கண்டக்டருக்குச் சர்க்கரை நோயால் விரல்நுனியில் உணர்ச்சி குறைவு. எண் பொத்தானின் தட்டு அவருக்குத் தெரியவே இல்லை, இரட்டையும் அரைகுறை. போனுக்குத் தடித்த ரப்பர் உறை வேறு. உறையை மாற்றியதும் கொஞ்சம் தெரிந்தது. அவருக்கு பீப் ஒலியும் பட்டையும்தான் முதன்மை, அதிர்வு துணைக்கு. அதிர்வை மட்டும் நம்பி எந்தச் சேதியையும் வைக்கக்கூடாது என்பதை இவரைப் பார்த்த பிறகு யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

கடைசி டிரிப்பின் இரட்டை டிக்கெட்டுகள் இப்போது அரிதாகிவிட்டன. அற்றுப்போகவில்லை. தாள் சிக்கி, பிரிண்டர் பதில் அனுப்பாமல் போகும் நேரத்தில் இன்னும் விழுகின்றன. அதற்காக, சற்று முன் அடித்த டிக்கெட்டை ரத்து செய்யும் பொத்தானை மூன்று திரைக்கு அப்பாலிருந்து முதல் திரைக்கே கொண்டுவந்தோம். இதை முன்பே செய்திருந்தால் கண்டக்டரின் படி தப்பியிருக்கும், அதிர்வைப் பற்றி யாரும் யோசித்திருக்கவும் மாட்டோம்.

தீராமல் நிற்பது ஜிபே, போன்பே வகைப் பணம். பயணி ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு நிற்பார், பணம் வந்த சேதி எங்கள் செயலிக்கு வர சில சமயம் தாமதமாகும். அதற்குள் கண்டக்டர் அடுத்த இருக்கைக்குப் போயிருப்பார். அந்த நேரத்தில் இரட்டை வந்தால், கையில் இப்போது இருக்கும் டிக்கெட்டுக்கு வந்ததாக அவர் எடுத்துக்கொள்வார். ஆகவே பணத்துக்காகக் காத்திருக்கும் திரை திறந்திருந்தால் மட்டும் இரட்டை கொடுக்கிறோம். நகர்ந்துவிட்டால் அதிர்வில்லாமல் ஒரு பட்டியலில் சேர்கிறது. கண்டக்டருக்கு இது பிடிக்கவில்லை. பணம் வந்ததைக் கை அறிய வேண்டும், அதற்கு மூன்று துடிப்பு வை என்கிறார். மூன்றில் ஒன்று தவறினால் இரண்டாகிவிடுமே என்கிறேன். அப்படியானால் இரண்டு நீளம் வை என்கிறார். சுழல் மோட்டார் போனில் இரண்டு நீளம் எப்படி இருக்கிறது என்று அடுத்த பதிப்பில் சோதிக்க ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதுவரை வண்டி பாளை பஸ் நிலையத்தில் நிற்கும்போது அவர் பட்டியலைத் திறந்து சரிபார்க்கிறார்.